சரசம்மாவுக்கு எடுத்த கோடித்துணி

நெய்யாற்றின்கரையைச் சுற்றி எந்த முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் இன்று ஒரு சரசம்மா சூப்பர் மார்க்கெட் கண்ணில் படும். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடை. பூவாரில் ஒன்று, காஞ்சிரங்குளத்தில் ஒன்று, ரப்பர்க்காரர்களை நம்பி அம்பூரியில்கூட ஒன்று. பொன்விழாவுக்கு வழவழப்பான தாளில் மலர் போட்டார்கள். நிறுவனர் கிருஷ்ணன்குட்டி தனியாளாக, வெறுங்கையோடு தொடங்கினார் என்று அதில் எழுதியிருக்கிறது. விழா மலர்களில் எல்லாருமே வெறுங்கையோடுதான் தொடங்குகிறார்கள். கூட நின்றவன் பெயர் அச்சுக்குப் போகிற வழியில் எப்படியோ உதிர்ந்துவிடும்.

உதிர்ந்த பெயர் ராஜதாஸ். பாறசாலைக்காரர். இது அவர் கதை.

ராஜதாஸின் அப்பா வேதமணி கடை தொடங்கியதே பிடியரிசியால்தான். மிஷன் சபைப் பெண்கள் அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கோவில் பெட்டியில் கொட்டுவார்கள். சபை அதை விற்றுச் செலவு பார்க்கும். ஆனால் வாங்கத்தான் ஆள் கிடையாது. நூறு வீட்டு அரிசி ஒன்றாகக் கிடந்தால் பானையில் ஒன்று குழையும், ஒன்று விறைத்து நிற்கும். வேதமணி அது அத்தனையையும் வாங்கி, ஊறப்போட்டு இடித்து, வறுத்து, புட்டுமாவாக்கிப் பொட்டலம் போட்டார். கடவுளுக்குக் கொடுத்த அரிசியில் பேரம் பேசக்கூடாது என்று ஒரே விலை வைத்தார். ஊர் அதற்குப் பிடியரிசிக் கடை என்று பெயர் வைத்தது. அதன்பிறகு பருப்பும் கருப்பட்டியும் எண்ணெயும் வந்தன. பெயர் மாறவில்லை.

மகன் காலத்தில் ஒரு கடை நான்காயிற்று. பாறசாலையில் தாய்க்கடை, கிழக்கே குழித்துறையில் ஒன்று, கடலோரம் பூவாரில் ஒன்று, மேற்கே நெய்யாற்றின்கரையில் ஒன்று. நான்கிலும் ஒரே விலை, ஒரே பொட்டலம். நெய்யாற்றின்கரைக் கடைக்கு ராஜதாஸ் கண்டுபிடித்த ஆள்தான் கிருஷ்ணன்குட்டி. அமரவிளை ஆற்றங்கரைக்காரன். அப்பன் இல்லாத வீடு. முதல் இரண்டு வருடம் ராஜதாஸ் அந்த வீட்டில்தான் தங்கிக் கடை நடத்தினார். கிருஷ்ணன்குட்டியின் அம்மா சரசம்மா இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கஞ்சியும் பயறும் விளம்பினாள். கூட ஒரு துண்டு சுட்ட கருவாடு யாருக்கு என்று தினமும் ஒரு வழக்கு நடக்கும். பெரும்பாலும் ராஜதாஸுக்குத்தான் தீர்ப்பாகும்.

கடைக்குக் குறுக்கே கிடந்த மேசைப் பலகையை எடுத்துவிடலாம் என்று சொன்னவன் கிருஷ்ணன்குட்டி. வருகிறவர்கள் உள்ளே வந்து தாங்களே எடுக்கட்டும் என்றான். ராஜதாஸ் பயந்தார்.

"கோவில்ல பெட்டியிலே அரிசி போட வாறவளை யாரும் நோக்கிக்கிட்டு நிக்கியதில்லியே அண்ணா" என்றான் அவன். "பின்ன எடுக்க வாறவளை மட்டும் நாம எதுக்கு நோக்கணும்?"

பலகையை எடுத்தார்கள். நெய்யாற்றின்கரைப் பெண்கள் கடைக்குள் நடந்து, பொட்டலத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து வாங்கினார்கள். அதைப் பார்க்கவே பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. இன்றைய கண்ணாடிக் கதவுக்கும் கூடைக்கும் மூலம் அந்தப் பலகை போன இடம்தான்.

வேதமணி இறந்த அன்று நெய்யாற்றின்கரையில் சந்தை நாள். கிருஷ்ணன்குட்டி யாரிடமும் கேட்காமல் கடையைப் பூட்டிக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, கோடித்துணியோடு பாறசாலைக்கு வந்து நின்றான். சவத்தின்மேல் புதுத்துணி போர்த்துவது அந்தப் பக்கத்தில் உறவு உள்ளவன் செய்கிற காரியம். சாதியும் சபையும் வேறான ஒருவன் அதைச் செய்தபோது ராஜதாஸ் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். அடக்கம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் ஒரு சட்டம் போட்டார். கடையைச் சேர்ந்த யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அன்று நான்கு கடையும் மூட வேண்டும். முதலாளி வீட்டுச் சாவானாலும் சரி, மூட்டை தூக்குகிறவன் வீட்டுச் சாவானாலும் சரி.

அன்றுதான் சரசம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நீயும் எனக்கு ஒரு மவன் தான் மக்கா. எனக்க கோடி உனக்க கையாலே விழணும். மறக்காண்டாம்."

மறக்கவில்லை. பாலராமபுரத்து நெசவில் மெல்லிய பொன்னிழைக் கசவுக் கரை போட்ட வெள்ளைத் துணி ஒன்றை அப்போதே எடுத்துப் பெட்டியில் வைத்தார். உயிரோடிருக்கிறவளுக்குக் கோடி வாங்கி வைப்பார்களா என்று அவர் மனைவி ஆனந்தபாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு வந்தது எல்லைச் சண்டை. திரு-கொச்சி மாநிலத்தின் தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று தமிழர் இயக்கத்தார் கேட்டார்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் அந்தக் கணக்கில் இருந்தது. ஐக்கிய கேரளம் கேட்டவர்கள் ஒரு பிடி மண் தரமாட்டோம் என்றார்கள். நேற்றுவரை ஒரே வாயில் இரண்டு மொழியும் பேசிக்கொண்டிருந்த ஜனம், பேசுவதற்கு முன்னால் எதிரில் இருப்பவன் யார் என்று பார்க்கத் தொடங்கியது. சந்தையில் கத்திரிக்காய் விலை கேட்பதற்குக்கூட எந்த மொழியில் கேட்பது என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

ராஜதாஸ் தமிழர். தமிழில் ஜெபிக்கிறவர். தாலுகா தமிழ்நாட்டோடு போனால் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் குழித்துறைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கே கோடு கிழித்தாலும் அது அவர் கடைகளின் குறுக்கேதான் விழும். ஆகவே அவர் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தார். இயக்கத்தார் ஹர்த்தால் சொன்னால் குழித்துறைக் கடை மூடும், நெய்யாற்றின்கரைக் கடை திறந்திருக்கும். ஐக்கிய கேரளக்காரர்கள் ஹர்த்தால் சொன்னால் நேர் மாறாக. பாறசாலைக் கடையின் கதவுப் பலகைகளில் பாதிப் பலகை திறந்து, பாதிப் பலகை மூடிக் கிடக்கும். இரண்டு பக்கத்தாரும் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார்கள். ஆனால் கல் எறியவில்லை.

ஐம்பத்து நான்காம் வருடம் மழைக்காலம் நடந்துகொண்டிருக்கும்போது இயக்கத்தார் பெரிய ஹர்த்தால் அறிவித்தார்கள். இந்தத் தடவை நெய்யாற்றின்கரையில் சிலர் முன்கூட்டியே கிருஷ்ணன்குட்டியிடம் வந்தார்கள். உன் முதலாளி தமிழன், அன்றைக்குக் கடை திறந்திருக்கும் என்று நீ வாக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ராஜதாஸைக் கேட்டுவிட்டு அவன் வாக்குக் கொடுத்தான். திறந்திருக்கும்.

ஹர்த்தால் அன்று காலை, சரக்கு வண்டி ஓட்டுகிற சதாசிவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு பாறசாலைக்கு வந்தான். மழையில் நனைந்திருந்தான்.

"அமரவிளை அம்மை போச்சு முதலாளி. நேரம் வெளுக்கும்ப."

சதாசிவன் மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னான். "குட்டியண்ணன் ஒரு காரியம் சொல்லிவிட்டாரு. இண்ணைக்குக் கடைய மூடாண்டாமாம். நெய்யாற்றின்கரையிலே வாக்குக் குடுத்திருக்காராம். கடையிலே நிக்குத மோகனன் பாத்துக்கிடுவானாம். முதலாளி கோடியோட வந்து நிண்ணா மட்டும் போதுமாம். வேற ஒண்ணும் வேண்டாம்ணு ரெண்டு வட்டம் சொன்னாரு."

இவ்வளவு தெளிவாக ஒரு மனிதன் சொல்லி அனுப்பியிருக்கிறான். கேட்டிருக்கலாம். ஆனால் ராஜதாஸுக்கு முதலில் வந்தது கோபம்.

"எனக்க அப்பனுக்கு அவன் சந்தை நாளிலே கடைய பூட்டினான். அவனுக்க அம்மைக்கு நான் கடை திறந்து வச்சு யாவாரம் செய்யணுமாக்கும்? சட்டம் போட்டது ஆரு? நானாக்கும்."

"அவன்தானே வேண்டாம்ணு சொல்லுதான்" என்றாள் ஆனந்தபாய். "சொன்னதைக் கேட்டா என்ன?"

"அவன் மரியாதைக்குச் சொல்லுதான். நமக்கு மரியாதை தெரியாண்டாமா?"

மரியாதை என்று வந்துவிட்டால் அந்தப் பக்கத்து ஆண்களிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. ஆனந்தபாய் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து கோடியை எடுத்து வந்தாள். மோகனனிடம் கடையை உடனே மூடச் சொல், அப்படியே பூவாருக்கும் போய்ச் சொல் என்று ராஜதாஸ் சதாசிவனைத் திருப்பி அனுப்பினார். குழித்துறைக் கடை ஹர்த்தாலுக்காக ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. தாய்க்கடைக்கு அவரே போனார். பாறசாலை முக்கில், எல்லார் பார்வையிலும், மிச்சப் பலகைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பூட்டினார்.

கடைசிப் பலகை விழுந்ததும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. ஊர்வலத்துக்காக அங்கே ஜனம் கூடியிருந்தது. வக்கீல் குமாஸ்தா ரெத்தினதாஸ் கொடியோடு முன்னால் நின்றார். நல்ல மனிதர். உள்ளூர் இயக்கத்துக்கு அவர்தான் எல்லாம். பாதிப் பலகை ராஜதாஸ் முழுப் பலகையையும் மூடியதைப் பார்த்து அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நாலு கடையும் மூடச் சொல்லியாச்சாமே! சதாசிவன் போறவழி சொல்லிட்டுப் போறான். நெய்யாற்றின்கரைக் கடையும் மூடியா?"

"ஒரு சாவு ரெத்தினதாஸே. குட்டிக்க அம்மை செத்துப்போச்சு. அமரவிளைக்குப் போறேன்."

ரெத்தினதாஸ் அவரைக் கூர்ந்து பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். தூரத்தில் நின்ற போலீஸ்காரர்களைக் கண்ணால் காட்டினார்.

"செரிதான். ஆரு கேட்டாலும் அதைத்தான் சொல்லணும். நல்லா சொன்னீரு."

"எலே, நான் நெசமாட்டுச் சொல்லுதேன்."

"நாங்களும் நெசமாட்டுத்தான் கேக்குதோம்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. ஒரு மாலை எங்கிருந்தோ வந்து கழுத்தில் விழுந்தது. ராஜதாஸ் அதைக் கழற்றப் போன கையை இரண்டு பேர் பிடித்து உயர்த்திக் காட்டினார்கள். வாழ்க என்று சத்தம் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்குள் அவர் பேசியது அவருக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் ரெத்தினதாஸ், ராஜதாஸின் கக்கத்தில் மடித்து வைத்திருந்த துணியைப் பார்த்தார். கசவுக் கரை, புதுத்துணி வாசம். ஊர்வலத்தில் யாராவது தலைவருக்குப் போர்த்தக் கொண்டுவந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். "தலைவரு வர சாயங்காலம் ஆவும். இண்ணைக்கு நீருதான் எங்களுக்குத் தலைவரு" என்று சொல்லி, மடிப்பு உதறி விரித்து, சரசம்மாவுக்கு எடுத்த கோடியை ராஜதாஸின் தோளில் போர்த்தினார்.

"அதை எடும், எடும்" என்று ராஜதாஸ் பதறினார். அடக்கம் காரணமாகப் பதறுகிறார் என்று நினைத்தார்கள். நேற்றுவரை வழுக்கிக்கொண்டு திரிந்த மனிதர் இன்று எவ்வளவு பணிவாக இருக்கிறார் என்று ஒருவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

ஊர்வலம் கிளம்பிற்று. அமரவிளை மேற்கே இருக்கிறது. ஊர்வலம் கிழக்கே களியக்காவிளைப் பக்கம் திரும்பியது. முன் வரிசையில் அவரை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் கை கோர்த்துக்கொண்டார்கள். அவர் நடக்கவில்லை, நடத்தப்பட்டார். ஒவ்வொரு அடியிலும் அமரவிளை பின்னால் போய்க்கொண்டிருந்தது. இந்நேரம் குளிப்பாட்டியிருப்பார்கள். இந்நேரம் விளக்கு வைத்திருப்பார்கள். குட்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அடுத்த வளைவில் நழுவிவிடலாம் என்று பார்த்தார். வளைவில் இன்னொரு ஊர்க் கூட்டம் வந்து சேர்ந்தது. பாறசாலை முதலாளி எங்கே என்று கேட்டுக்கொண்டு அவர்களும் வந்து கையைப் பிடித்தார்கள்.

களியக்காவிளைக்கு முன்னால் போலீஸ் ஊர்வலத்தை மறித்தது. கலைந்து போகச் சொன்னார்கள், யாரும் கலையவில்லை. முன் வரிசையில் நின்றவர்களை வண்டியில் ஏற்றினார்கள். மாலையும் கசவுத் துணியுமாக நின்றவரை விட்டுவிட்டு வேறு யாரை ஏற்றுவார்கள்? ஒரு சாவுக்குப் போக வேண்டும் என்று ராஜதாஸ் இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சினார். காலையிலிருந்து நாலு பேர் இதையே சொல்லிவிட்டார்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.

சப் ஜெயிலில் முதல் நாள் அவர் எல்லாரிடமும் உண்மையைச் சொன்னார். இது என் கடைக்காரனின் அம்மாவுக்கு எடுத்த கோடி, நான் ஹர்த்தாலுக்காகக் கடை மூடவில்லை என்று அறையில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். காவல்காரன் பக்கத்தில் நிற்பதால் சொல்கிறார் என்று தலையாட்டினார்கள். அடுத்த நாள் செய்தி வந்தது. கிழக்கே துப்பாக்கிச் சூடு. ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஜெயிலுக்குள் வயசான மனிதர்கள் முழங்காலில் நின்று அழுதார்கள். ராஜதாஸும் அழுதார். அதற்குப் பிறகு அவர் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். குண்டடி பட்டுச் செத்தவர்களுக்காக அழுகிறவர்கள் நடுவில் நின்றுகொண்டு, நான் உங்களோடு வரவில்லை, வேறொரு சாவுக்குப் போகிறவன் என்று எந்த வாயால் சொல்வது?

கோடியை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். தலைக்கு வைக்கவில்லை. வெறும் தரையில் தலையை வைத்துப் படுத்தார்.

மூன்று வாரம் கழித்து அவரை விட்டபோது பாறசாலை வரைக்கும் மேளம். சபையில் ஆனந்தபாயை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

"எனக்குத் தெரியும் என்ன நடந்துதுண்ணு. ஆனா இப்பம் போயி அதைச் சொல்லிராதையும். இந்த ஊரிலே இருக்க ஒக்காது."

"குட்டிக்கிட்டயாவது சொல்லாண்டாமா?"

"அவங்கிட்ட சொல்லும். அவங்கிட்ட மட்டும்."

மறுநாள் காலை ராஜதாஸ் முதல் பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்குப் போனார். துணிப்பையில் கோடி இருந்தது. கடையைப் பார்த்தார். பலகை மூடிக் கிடந்தது. பெயர்ப் பலகை பாதி உடைந்து தொங்கியது. சுவரில் தாரால் ஏதோ எழுதி, பிறகு யாரோ சுண்ணாம்பால் அழித்திருந்தார்கள். எதிர்க் கடைக்காரன் பத்து வருடமாக அவரைப் பார்த்து எழுந்து நிற்கிறவன். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தராசைத் துடைத்தான். ராஜதாஸ் அமரவிளைக்கு நடந்தார்.

கிருஷ்ணன்குட்டி வீட்டு முற்றத்தில் மரவள்ளிக் கம்பு நறுக்கிக்கொண்டிருந்தான். துக்கம் காக்கிற தீட்சைத் தாடி வளர்ந்திருந்தது. பதினாறாம் நாள் சடங்கான அடியந்திரம் முடிந்துவிட்டது என்பது பந்தல் கால் பிடுங்கிய குழிகளைப் பார்த்தாலே தெரிந்தது. அவரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான். ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டான்.

"இரியுங்க முதலாளி."

பதினைந்து வருடத்தில் அவன் அவரை வீட்டில் வைத்து முதலாளி என்று கூப்பிட்டதில்லை. அண்ணன்தான். ராஜதாஸ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பலகை வைத்துப் பூட்டியது, மாலை விழுந்தது, கை கோர்த்து இழுத்துப் போனது, ஜெயில். சொல்லும்போது அழுதார்.

"எனக்குத் தெரியாதா?" என்றான் கிருஷ்ணன்குட்டி கடைசியில். "நீங்க அம்மைக்கு வேண்டித்தான் கடைய மூடினியண்ணு எனக்குத் தெரியாதா? வேற ஆருக்குத் தெரியாட்டாலும் எனக்குத் தெரியும்."

ராஜதாஸுக்கு அப்பாடா என்றிருந்தது. அது ஒரு மூச்சு நேரம்தான்.

"வேண்டாம்ணு சொல்லித்தானே விட்டேன்" என்றான் அவன். குரல் உயரவில்லை. "மோகனன் கடைய மூடினான். மூடினதும் நான் வாக்குக் குடுத்த ஆளுகள் எல்லாம் இஞ்ச வந்தாவ. இந்த முற்றத்திலேதான் நிண்ணாவ. உள்ள அம்மை கெடக்குது. அம்மைக்கு வேண்டி மூடினதா, தமிழனுக்கு வேண்டி மூடினதாண்ணு கேட்டாவ. அம்மைக்கு வேண்டித்தான், இப்பம் முதலாளி கோடியும் கொண்டு வருவாரு, நீங்களே பாருங்கண்ணு சொன்னேன். அவியளும் செரிண்ணு நிண்ணாவ."

அவன் நறுக்கின கம்புகளை ஒன்றாக அடுக்கினான்.

"நிண்ணோம். எல்லாரும் நிண்ணோம். நேரம் போயிட்டே இருந்து. எடுக்கலாம்ணு பெரியவங்க சொன்னாவ. இல்ல, அண்ணன் வரும்ணு நான் சொன்னேன். பின்ன ஒருத்தன் சைக்கிள்ல வந்து சொன்னான், உனக்க முதலாளி களியக்காவிளையிலே மாலையும் கசவு நேரியதும் போட்டுக்கிட்டு ஊர்வலத்துக்கு முன்னால போறாருண்ணு. அதைக் கேட்டதும் ஒவ்வொருத்தனாட்டு எறங்கிப் போனான். அம்மைய தூக்க ஆள் தெகையல்ல. நானும் சதாசிவனும் மோகனனும், பின்ன ஆத்துல மணல் வாருத ரெண்டு பேரும். அம்மை கோடி இல்லாம போச்சு. நான் போடல்ல. உங்களுக்குண்ணு சொல்லி வச்சிருந்ததில்லியா?"

ராஜதாஸ் பையிலிருந்து துணியை எடுத்தார். "நான் இப்பமே சந்தை முக்கில போயி நிண்ணு சொல்லுதேன் குட்டி. மலையாளத்திலேயே சொல்லுதேன். நடந்தது இதுதாண்ணு."

"சொல்லுங்க. இஞ்ச நம்பமாட்டாவ. அங்க உங்கள விடமாட்டாவ." அவன் உள்ளே போய்க் கடைச் சாவியை எடுத்து வந்தான். "உங்க கூட இனி ஒரு ஏற்பாடும் இல்லேண்ணு நானும் இஞ்ச சொல்லியாச்சு. சொல்லாட்டா எனக்க பிள்ளைகளுக்கு இந்த ஊரிலே தண்ணி கோர முடியாது. உங்க சாவி."

"அது உனக்க கடைடே. நீதான் அதுக்குப் பலகைய எடுத்தவன். பேரை மாத்தி நடத்து. எனக்க பேரு வேண்டாம். அம்மைக்க பேரை வையி."

சாவியோடு நீட்டிய கையைக் கிருஷ்ணன்குட்டி மடக்கவும் இல்லை, அவர் வாங்கவும் இல்லை. கடைசியில் அதைப் பெஞ்சின் மேல் வைத்தான். பொன்விழா மலரில் சொல்கிற வெறுங்கை அந்தக் கைதான்.

ராஜதாஸ் கோடியை நீட்டினார். "இதையாவது வாங்கு. குழியிலே, அம்மைய எரிச்ச எடத்திலே ஒருக்கா விரிச்சிட்டுப் போறேன். எனக்கு அது போதும்."

கிருஷ்ணன்குட்டி துணியைத் தொடவில்லை. முதல் தடவையாக அவன் கண் கலங்கிற்று.

"அது விழுந்தாச்சே அண்ணா" என்றான். "அம்மைக்குள்ளது உங்க மேல விழுந்தாச்சு. ஒருத்தர் மேல விழுந்த கோடிய எடுத்து வேற ஆருக்கும் போடக்கூடாது. நீங்களே வச்சுக்கிடுங்க."

அண்ணா என்று கூப்பிட்டுவிட்டான். அதைக் கேட்பதற்காகத்தான் அவர் அத்தனை தூரம் வந்திருந்தார். கேட்டபிறகு அங்கே நிற்க முடியவில்லை. படியிறங்கி ரோட்டுக்கு வந்தார்.

பாறசாலை முக்கில் பஸ் நின்றபோது அங்கே சின்னக் கூட்டம் இருந்தது. கிழக்கே செத்தவர்களுக்காக ரெத்தினதாஸ் கூட்டம் போட்டிருந்தார். ராஜதாஸைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். பின்வழியாக நழுவப் பார்த்தார், அதற்குள் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்துவிட்டார்கள். மேடை என்று ஒன்றும் இல்லை, அவருடைய கடையின் படிதான். அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

ரெத்தினதாஸின் கண் அவர் பையிலிருந்து வெளியே தெரிந்த கசவுக் கரையில் விழுந்தது. "அந்தத் துணிய இன்னும் கூடவே கொண்டு நடக்காரு பாத்தியளா!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பையிலிருந்து அதை எடுத்தார், உதறினார். மறுபடியும் ராஜதாஸின் தோளில் போர்த்தினார்.

கூட்டம் கைதட்டியது. இந்தத் தடவை ராஜதாஸ் பதறவில்லை. எடும் என்று சொல்லவில்லை. இரண்டு முனையையும் தன் கையாலேயே இழுத்து, நெஞ்சு மூடப் போர்த்திக்கொண்டு, பூட்டிய கடையின் முன்னால் அசையாமல் நின்றார்.